பொதுப்பெட்டி சபையின் வேலையா?

வேலையிழப்பும் விலையேற்றமும் சேர்ந்து உங்கள் சபைக் குடும்பங்கள் பலவற்றை நெருக்கியிருக்கும் இந்த நேரத்தில், உறுப்பினர்கள் ஒன்றுகூடிப் பொது நிதி ஒன்றையும், வட்டியில்லாக் கைமாற்று ஏற்பாட்டையும், ஒருவர் வேலையை இன்னொருவர் பகிர்ந்துகொள்ளும் முறையையும் தொடங்கலாமா, அதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது கடைசி இரண்டு வரிகள். “ஏழைக்கு உதவுவது விசுவாசம், அவன் ஏன் ஏழையானான் என்று கேட்பது அரசியல்” என்று உங்கள் மூப்பர் ஒருவர் சொல்லிவிட்டார் என்றும், அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கூட்டம் கலைந்துவிட்டது என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நிதி தொடங்கலாமா என்பதைக் காட்டிலும், ஈகையையும் நீதியையும் அப்படிப் பிரித்து வைக்க முடியுமா என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாட்டைப் பாடமாகப் படித்தவன். ஆனால் வாழ்க்கையில் அதிக ஆண்டுகள் செய்த வேலை, ஒரு சபையின் உதவி நிதிக்குக் கணக்கு எழுதியது. இந்தப் பதில் அந்த இரண்டு இடங்களிலிருந்தும் வருகிறது.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் ‘தருமம்’ என்றால் பிச்சையிடுவதும் உண்டு, அறம் தவறாமல் நடப்பதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல். எபிரெய மொழியிலும் இதுவே நடந்தது. ‘செதாக்கா’ என்ற சொல் தீர்க்கதரிசிகளின் வாயில் நீதி என்று ஒலித்தது; பிற்கால யூத வழக்கில் அதே சொல் ஏழைக்குக் கொடுப்பதற்குப் பெயராயிற்று. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் நமது பழைய மொழிபெயர்ப்பு ‘தர்மம்’ என்று சொல்லும் இடத்தில், மிகப் பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் ‘நீதி’ என்ற சொல்லே இருக்கிறது. பிற்காலப் பிரதிகளில்தான் அது ‘பிச்சை’ என்ற பொருளுடைய சொல்லாக மாறியிருக்கிறது. இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கோட்பாட்டைக் கட்டிவிட முடியாது. ஆனால் ஏழைக்குக் கொடுப்பது கொடுப்பவரின் தாராளம், நீதி வேறொரு துறையின் விஷயம் என்ற பிரிவினை வேதாகமத்தை எழுதியவர்களுக்குப் பழக்கமானதல்ல என்பதை உறுதியாகச் சொல்லலாம். வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும் என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் கட்டளையிடும்போது, அது நிலக்காரரின் இரக்கத்தை வேண்டவில்லை. அந்த ஓரத்தில் ஏழைக்கும் பரதேசிக்கும் உரிமை வைக்கிறது. அவர்கள் வீட்டு வாசலில் கையேந்தி நிற்கவேண்டியதில்லை. தாங்களே வயலில் இறங்கிப் பொறுக்கிக்கொள்ளலாம்.

உங்கள் மூப்பரோடு உட்கார்ந்து வாசிக்க ஒரே ஒரு பகுதியைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால், நான் நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைத் தேர்ந்தெடுப்பேன். பாரசீக ராஜாவின் கீழ் யூதேயாவின் அதிபதியாக இருந்த நெகேமியாவின் தலைமையில் எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டும் வேலை பாதியில் இருக்கிறது. பக்திக்குரிய, எல்லாரும் ஒப்புக்கொண்ட வேலை அது. அதன் நடுவில் ஒரு கூக்குரல் எழும்புகிறது. ஜனங்களோடு அவர்களுடைய ஸ்திரீகளும் சேர்ந்து முறையிட்டார்கள் என்பதை முதல் வசனமே தனியாகக் குறிப்பிடுகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்குவதற்காக நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடமானம் வைத்தோம் என்கிறார்கள் சிலர். ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்கினோம் என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் குமாரத்திகளில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டிருக்கிறார்கள், அவர்களை மீட்க எங்களுக்குச் சக்தியில்லை, எங்கள் நிலங்கள் வேறு மனிதர் கையில் இருக்கின்றன என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்ல. அதே அலங்கத்தைப் பக்கத்தில் நின்று கட்டிக்கொண்டிருந்த சகோதரர்கள்.

இந்த இடத்தில் நெகேமியா செய்ததைக் கவனியுங்கள். தானியக் களஞ்சியத்தைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துக் கூக்குரலை அடக்கியிருக்கலாம். உங்கள் மூப்பர் சொல்லும் ‘விசுவாசம்’ அதோடு நின்றிருக்கும். அவரோ கோபமடைந்து, தனக்குள் ஆலோசித்து, பெரியவர்களையும் அதிகாரிகளையும் கடிந்துகொண்டு, பெரிய சபையைக் கூடிவரச் செய்கிறார். நானும் என் சகோதரரும் வேலைக்காரரும்கூட இவர்களுக்குப் பணமும் தானியமும் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லிவிட்டு, நிலங்களையும் தோட்டங்களையும் வீடுகளையும் வாங்கிய வட்டியையும் இன்றே திருப்பிக்கொடுங்கள் என்று கேட்கிறார். அவர்கள் ஒப்புக்கொண்டதும் வாய்வார்த்தையோடு விட்டுவிடாமல், ஆசாரியர்களை அழைத்து ஆணையிடச் செய்கிறார். பிறகு 12 ஆண்டுகள் அதிபதிக்குரிய படியைத் தான் வாங்கவில்லை என்றும் எழுதிவைக்கிறார். ‘அவன் ஏன் ஏழையானான்’ என்ற கேள்வியைக் கேட்டது அங்கே எந்தக் கட்சியும் அல்ல. ஜெபத்துக்கும் உபவாசத்துக்கும் பேர்போன ஒரு மனிதர்தான் கேட்டார்.

பழைய ஏற்பாட்டில் சந்தேகத்துக்கு இடமான பகுதியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 50 ஆண்டுக்கு ஒருமுறை நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும் என்னும் யூபிலி ஆண்டைப் பலர் மேடைகளில் எடுத்துக்காட்டுகிறார்கள். அது கட்டளையாக இருக்கிறது. ஆனால் அது நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்பட்டதற்கான சம்பவம் எதுவும் வேதாகமத்தின் வரலாற்று நூல்களில் இல்லை. ஆகவே ‘இஸ்ரவேலர் இப்படித்தான் வாழ்ந்தார்கள்’ என்று யாராவது சொன்னால் அது மிகைப்படுத்தல். எப்படி வாழவேண்டும் என்று அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டதற்கு அது சாட்சி. அவ்வளவு சொல்வதே போதும்.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், அப்போஸ்தலர் நடபடிகளின் 2, 4-ஆம் அதிகாரங்களை எல்லாரும் அறிவார்கள். விசுவாசிகள் தங்களுக்குரியவற்றைப் பொதுவாக அனுபவித்தார்கள், ஒருவருக்கும் குறைவில்லாதிருந்தது. அந்தக் கடைசிச் சொற்கள், உங்களில் ஏழை இல்லாதிருக்கும்படி என்னும் உபாகமம் 15:4-இன் எதிரொலி என்பதில் பெரும்பாலான உரையாசிரியர்கள் ஒத்துப்போகிறார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றார்களா, தேவை எழும்போது அவ்வப்போது விற்றார்களா என்பதில்தான் கருத்து வேறுபாடு. கிரேக்க வினைச்சொற்களின் காலம் இரண்டாவதையே ஆதரிப்பதாக நான் வாசிக்கிறேன். விற்கும் முன்பு அது உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் உன் வசத்தில்தானே இருந்தது என்று, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவிடம் பேதுரு கேட்பதால், கட்டாயம் ஏதும் இல்லை என்பதும் தெளிவு. எருசலேம் சபை பின்னால் வறுமைப்பட்டதே அந்தப் பகிர்வு தோற்றுப்போனதற்கு அத்தாட்சி என்று சிலர் வாதிடுவார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. 11-ஆம் அதிகாரம் ரோமப் பேரரசர் கிலவுதியு இராயன் காலத்துப் பஞ்சத்தைத்தான் காரணமாகக் காட்டுகிறது. அந்தியோகியாவின் சீஷர்கள் அவரவர் திராணிக்குத் தக்கதாகச் சேர்த்துப் பர்னபா, சவுல் கையில் கொடுத்தனுப்பினார்கள் என்கிறது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 6-ஆம் அதிகாரம். அன்றாட உதவிப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் சரியாகக் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுத்தார்கள். சபையின் முதல் உட்பூசல் உபதேசத்தைப் பற்றியதல்ல, பங்கீட்டைப் பற்றியது. அப்போஸ்தலர்கள் ‘முறுமுறுக்காதீர்கள், இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். கிரேக்கப் பெயர் வைத்திருந்தவர் எல்லாரும் அந்தப் பிரிவினரே என்று அடித்துச் சொல்ல முடியாது. எபிரெயரிலும் சிலர் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஏழு பெயரும் ஒரே பக்கம் சாய்வது தற்செயலாகத் தெரியவில்லை. யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ அவர்களிடமே பங்கீட்டின் பொறுப்பு கொடுக்கப்பட்டது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். உங்கள் நிதிக்குக் குழு அமைக்கும்போது இந்த ஏழு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவுல் இதற்கு மேலும் ஒரு படி போகிறார். எருசலேமின் ஏழைகளுக்காக அவர் பல ஆண்டுகள் சபை சபையாகப் பணம் சேர்த்தார். வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கவேண்டும் என்பது அவர் கொரிந்தியருக்கு எழுதிய முறை. அதாவது அவசரத்தில் ஒருநாள் அள்ளிக் கொடுப்பதல்ல, ஒழுங்காகச் சேர்ப்பது. இந்தச் சேகரிப்புக்கு அவர் ரோமர் 15:26-இல் பயன்படுத்தும் சொல் ‘கொய்னோனியா’. அப்போஸ்தலர் 2:42-இல் ‘அந்நியோந்நியம்’ என்று நாம் வாசிப்பதும் இதே சொல்தான். ரோமரில் ‘சகாயம்’ என்று மொழிபெயர்க்கப்பட்டிருப்பதால் தமிழில் வாசிப்பவருக்கு அந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை. 2 கொரிந்தியர் 8-இல் இப்போது உங்கள் செல்வம் அவர்கள் வறுமைக்கு உதவட்டும், பின்பு அவர்கள் செல்வம் உங்கள் வறுமைக்கு உதவட்டும், இப்படிச் சமநிலை உண்டாகட்டும் என்கிறார். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை என்ற, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த உணவாகிய மன்னாவின் கணக்கை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார். கொடுப்பவர் என்றைக்கும் கொடுப்பவராகவும் பெறுபவர் என்றைக்கும் பெறுபவராகவும் இருக்கும் ஏற்பாட்டை அவர் நினைத்துப் பார்க்கவேயில்லை. அதே அதிகாரத்தில், இந்தப் பெருந்தொகையைக் குறித்து ஒருவரும் குறைசொல்லாதபடிக்குச் சபைகள் தெரிந்துகொண்ட ஒரு சகோதரர் கூடவே பயணம் செய்கிறார் என்றும், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கப் பார்க்கிறோம் என்றும் எழுதுகிறார். ‘நமக்குள் என்ன கணக்கு’ என்று சபைகளில் அன்போடு சொல்லப்படும் வார்த்தைக்கு அப்போஸ்தலரே கொடுத்த மறுப்பு அது.

வரலாற்றில் இது தொடர்ந்ததா என்று கேட்டால், தொடர்ந்தது. 197-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சபையில் ஒரு பெட்டி உண்டு, மாதம் ஒருமுறை விரும்பியவர் முடிந்ததைப் போடுவார், ஏழைகளை அடக்கம் செய்யவும், அநாதைகளையும் வயதான வீட்டு அடிமைகளையும் கப்பல் உடைந்து தவிப்பவர்களையும் சுரங்கங்களிலும் சிறைகளிலும் கிடப்பவர்களையும் தாங்கவும் அது செலவாகிறது என்று பதிவு செய்திருக்கிறார். 251-இல் ரோமின் ஆயராயிருந்த கொர்நேலியு, 1500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் நலிந்தோரையும் சபை தாங்குவதாக ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். 368-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியிலுள்ள கப்பத்தோக்கியாவில் கொடும் பஞ்சம் வந்தபோது, செசரியாவில் மூப்பராக இருந்த பசீலியு, விலையேற்றத்துக்காகத் தானியத்தைப் பூட்டிவைத்திருந்தவர்களை எதிர்த்துப் பிரசங்கித்தார், களஞ்சியங்கள் திறந்தன, பெரிய பாத்திரங்களில் கூழ் காய்ச்சப்பட்டது, பின்னால் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பரதேசிகளுக்கும் ஒரு பெரிய இல்லமே எழுந்தது. உங்கள் மூப்பரின் வகைப்பாட்டில் கூழ் காய்ச்சியது விசுவாசம், பதுக்கலைக் கண்டித்தது அரசியல். பசீலியுவுக்கு அது ஒரே வாரத்தின் வேலை.

நீங்கள் நினைக்கும் வகையான ஏற்பாட்டுக்கு மிக நெருங்கிய முன்னுதாரணம் ஜெர்மனியில் இருக்கிறது. 1846–47 குளிர்காலத்தில் விளைச்சல் பொய்த்துப் பசி பரவியபோது, வெயர்புஷ் என்ற சிற்றூரின் மேயராக இருந்த 28 வயது ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ஊருக்குப் பொது அடுப்பு கட்டி, ரொட்டியை மலிவாகவும் கடனாகவும் கிடைக்கச் செய்தார். ஆழ்ந்த சீர்திருத்தச் சபை விசுவாசி அவர். பசியாயிருந்தேன் எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள் என்னும் மத்தேயு 25-ஆம் அதிகாரமே தன் வேலைக்கு அடிப்படை என்று சொன்னவர். ஆனால் இந்தக் கதையின் முக்கியமான பகுதி பிறகுதான் வருகிறது. 1854-இல் ஹெடஸ்டார்ஃபில் அவர் தொடங்கிய அறச்சங்கம் செல்வந்தர்களின் நல்லெண்ணத்தை நம்பியிருந்தது. அவர்களின் ஆர்வம் குறையக் குறையச் சங்கமும் தளர்ந்தது. 1864-இல் அதை மாற்றி அமைத்தார்: கடன் வேண்டுமானால் சங்கத்தில் உறுப்பினராகவேண்டும், ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு, சங்கத்தின் எல்லை ஒருவரையொருவர் அறிந்திருக்கும் அளவுக்குச் சிறியது, நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. உலகெங்கும் பரவிய கூட்டுறவுக் கடன் சங்கங்களின் ஒரு பெரிய கிளை இதிலிருந்து வளர்ந்ததுதான். மேலிருந்து கீழே கொடுக்கும் ஈகையை நம்பி ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்த ஒரு நல்ல மனிதர், அது போதாது என்று தன் அனுபவத்தால் கற்றுக்கொண்டார் என்பதே எனக்கு இதில் பெரிய பாடம்.

இந்த வரலாற்றின் கறையையும் மறைக்கக்கூடாது. கந்துவட்டிக்கு எதிரான ரைஃபைசனின் எழுத்துகளில் யூத வணிகர்கள்மேல் வெறுப்பும் கலந்திருக்கிறது. அதற்கு 400 ஆண்டுகள் முன்னால், 1462-இல் இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகு நிதி தொடங்கப்பட்டபோதும், குறைந்த செலவில் கடன் என்ற நல்ல நோக்கத்தோடு யூதர்களுக்கு எதிரான பிரசங்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. ‘நாம்’ சேர்ந்து சமாளிக்கலாம் என்ற உணர்வு, நம் துன்பத்துக்கு ‘அவர்கள்’தான் காரணம் என்று ஒரு மக்கள் கூட்டத்தைச் சுட்டும் உணர்வாகத் திரிவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை. நெகேமியா தன் சொந்தக் கணக்கிலிருந்து தொடங்கியதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1928-இல் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கியது; மோசஸ் கோடி என்ற கத்தோலிக்கக் குரு அதற்குப் பொறுப்பேற்றார். கடனால் வியாபாரிகளிடம் கட்டுண்டுகிடந்த மீனவர்களை, வீட்டுச் சமையலறைகளில் சிறு குழுக்களாக உட்காரவைத்து, நம் மீனுக்கு இறுதியில் என்ன விலை போகிறது, நம் கைக்கு எவ்வளவு வருகிறது, நடுவில் எங்கே நிற்கிறது என்று படிக்கவைத்தார்கள். படித்தவர்கள் தாங்களே பதனிடும் கூடங்களையும் கடன் சங்கங்களையும் கட்டினார்கள். அதைத் தொடர்ந்து வந்த பத்தாண்டு உலகப் பெருமந்தத்தின் பத்தாண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சேர்ந்து சமாளிப்பது என்பதற்கு இன்னும் நெருக்கமான ஒரு படம் வேண்டுமென்றால், 1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பேருந்து இருக்கைகளில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த நாட்களைப் பாருங்கள். தலைவர்களின் பிரசங்கங்களை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஓராண்டும் மக்கள் எப்படி வேலைக்குப் போனார்கள்? சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஓட்டினார்கள். திருச்சபைகளின் பெயரிலேயே பெரிய கார்கள் வாங்கிப் பதிவு செய்யப்பட்டன. காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பீட்டை ரத்துசெய்தபோது கடல்கடந்து லண்டனில் காப்பீடு தேடிப் பிடித்தார்கள். பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு, வீட்டில் சமைத்ததையும் சுட்டதையும் விற்று, அந்தக் காசை வாராந்தரக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெண்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ‘எங்கிருந்துமில்லை’ என்றே பதில்; குழுவுக்கும் அதே பொருளில்தான் பெயர் வைத்தார்கள். கில்மோரும் தன் உணவக வேலையை இழந்தார். சமூக நீதிக்கான போராட்டம் அங்கே அடுப்படியில் வெந்துகொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். ஒரு சபையின் அனுபவத்தை எல்லாச் சபைக்கும் விதியாக்க முடியாது. ஆனால் இவற்றை நான் கண்ணால் பார்த்தேன். நாங்கள் நிதி தொடங்கிய முதல் ஆண்டில், வெளிப்படையாக இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், உதவி பெற்ற குடும்பங்களின் பெயர்களை மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் வாசித்தோம். மூன்றாவது மாதம் ஒருவர் தன் பெயர் வாசிக்கப்பட்டபோது குனிந்து, பக்கத்திலிருந்த மகனின் காலணி வாரை அவிழ்த்து மீண்டும் கட்டத் தொடங்கினார். அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர் வாசித்து முடியும்வரை கட்டிக்கொண்டேயிருந்தார். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் வரவில்லை. அதன் பிறகு தொகைகளையும் காரணங்களையும் மட்டும் அறிவித்தோம். பெயர்கள் மூன்று பேர் பார்க்கும் நோட்டில் மட்டும் இருந்தன. பணத்தின் கணக்கு எல்லாருக்கும் திறந்திருக்கவேண்டும், மனிதரின் பெயர் மூடியிருக்கவேண்டும். இந்த இரண்டையும் குழப்பியது எங்கள் தவறு.

அந்த நோட்டில் ‘காரணம்’ என்று ஒரு பத்தி வைத்திருந்தோம். மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், வாடகை என்று அதில் எழுதுவது வழக்கம். ஆறு மாதம் கழித்து ஒருநாள் இரவு அந்தப் பத்தியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே கீழே இறங்கியபோது, பாதிக்கும் மேற்பட்ட வரிகளில் ஒரே சொற்கள் இருப்பதைக் கண்டேன்: ‘சம்பளம் வரவில்லை’. அவர்கள் வேலை இல்லாதவர்கள் அல்ல. வேலை செய்தவர்கள், செய்த வேலைக்குக் கூலி நிறுத்திவைக்கப்பட்டவர்கள். உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வது என் மேசைமேல் என் கையெழுத்திலேயே கிடந்தது. முதலாளி பிடித்துவைத்த கூலியைச் சபையின் காணிக்கையால் நாங்கள் ஈடுசெய்துகொண்டிருந்தோம். அதன் பிறகு சபையிலிருந்த ஒரு ஓய்வுபெற்ற எழுத்தர், தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதித்தர முன்வந்தார். எல்லா மனுவும் பலிக்கவில்லை, சில பலித்தன. உங்கள் மூப்பருக்கு நான் தரக்கூடிய மிக நேரான பதில் இதுதான்: கணக்கை உண்மையாக எழுதினால், ஏன் என்ற கேள்வியை நீங்கள் கேட்கவேண்டியதில்லை, நோட்டே கேட்கும்.

அதே நோட்டு வேறொன்றையும் கற்றுக்கொடுத்தது. மூன்று மாதம் உதவி பெற்ற ஒரு தையற்காரப் பெண், நான்காவது மாதம் பணம் வாங்க வராமல், ஒரு தாளை மடித்துக்கொண்டு வந்தார். வாரத்தில் இரண்டு நாள் மதியம் யாருடைய பிள்ளைகளின் உடுப்பையும் தைத்துத் தருகிறேன், என் கணக்கில் அதை எழுதிக்கொள்ள முடியுமா என்று அதில் எழுதியிருந்தது. அதுவரை எங்கள் நோட்டில் பணத்துக்கு மட்டுமே இடம் இருந்தது. அந்த வாரமே ‘என்னால் தரக்கூடியது’ என்று ஒரு தனிப் பட்டியல் தொடங்கினோம். மின்வேலை, குழந்தைகளுக்குப் பாடம், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்வது, கருவிகளை இரவல் தருவது என்று ஒரு மாதத்தில் இரண்டு பக்கம் நிறைந்தது. உதவி பெற்ற குடும்பங்களில் ஏறத்தாழ எல்லாருமே அந்தப் பட்டியலில் இருந்தார்கள். பவுல் சொன்ன சமநிலை தொகையில் வராமல் போகலாம். ஆனால் ஒரு மனிதர் நிமிர்ந்து உள்ளே வருவதில் அது வந்ததை நான் பார்த்தேன்.

கைமாற்றைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்லவேண்டும். கடனையும் கொடையையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். கடன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இரக்கத்தால் திரும்பக் கேட்காமல் விட்டால், வாங்கியவர் கண்ணில் படாமல் ஒதுங்குவார். நாளடைவில் சபையையும் விட்டு ஒதுங்குவார். திரும்ப வராது என்று தெரிந்தால் முதலிலேயே கொடையாகக் கொடுங்கள். கடன் என்றால் சிறு தொகை, எழுதிய தவணை, நோயோ வேலையிழப்போ வந்தால் தவணையைத் தள்ளிவைக்கும் விதி ஆகியவை முன்னதாகவே எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். ஆராதனைக்கு ஒழுங்காக வருபவருக்கு மட்டும் என்று நிபந்தனை வைக்காதீர்கள். உதவிக்காகவே முகம் காட்டவேண்டிய நிலை பக்தியையும் கெடுக்கும், உதவியையும் கெடுக்கும். வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது என்ற வசனத்தை யாராவது எடுத்துக்காட்டினால், 2 தெசலோனிக்கேயர் 3:10 ‘வேலை செய்ய மனதில்லாதவனை’ப் பற்றிப் பேசுகிறது, வேலை கிடைக்காதவரைப் பற்றியோ முடியாதவரைப் பற்றியோ அல்ல என்று பொறுமையாகச் சுட்டிக்காட்டுங்கள். தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருப்பார்கள் என்ற வசனத்துக்கும் இதே பதில்: அது உபாகமம் 15:11-ஐ நினைவூட்டுகிறது, அந்த வசனம் முடிவது ‘ஆகையால் உன் கையைத் திற’ என்ற கட்டளையில்.

என் எல்லைகளையும் சொல்லிவிடவேண்டும். பலரிடமிருந்து பணம் வாங்கி வைத்துக் கடன் கொடுப்பதற்கு ஏறத்தாழ எல்லா நாட்டிலும் சட்ட வரம்புகள் உண்டு. பதிவு செய்யாமல் செய்தால் நல்ல நோக்கம் காப்பாற்றாது. நான் வழக்கறிஞன் அல்லன். தொடங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த ஒருவரைக் கேளுங்கள். நீதிக்காகப் பேசும் சபை எந்தத் திட்டத்தை, எந்தச் சட்டத்தை ஆதரிக்கவேண்டும் என்பதில் உண்மையான விசுவாசிகளே மாறுபடுவார்கள். அங்கே வேதத்தின் அதிகாரத்தோடு பேச எனக்கு உரிமையில்லை. ஒரு சபையின் பெட்டி ஒரு நாட்டின் வறுமையைத் தீர்க்காது என்பதும் உண்மை. ஆனால் ‘சமூக நீதி நம் மரபு அல்ல’ என்பது மட்டும் சரியல்ல. கத்தோலிக்கருக்கு 1891-இல் போப் 13-ஆம் லியோ தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடல் இருக்கிறது. சுவிசேஷ மரபினருக்கு, 1974-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உலக மாநாடாகக் கூடியவர்கள், சுவிசேஷம் அறிவிப்பதும் சமூக அரசியல் ஈடுபாடும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமையின் பகுதிகள் என்று எழுதிய உடன்படிக்கை இருக்கிறது. உங்கள் மூப்பர் எந்த மரபில் நின்றாலும் அவர் வீட்டுக்குள்ளேயே இதற்குச் சாட்சி உண்டு.

அவரைச் சமாளிப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். வாதத்தில் வெல்லப் பார்க்காதீர்கள். முதல் ஆண்டின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமே கேட்டுக் கொடுங்கள். எங்கள் குழுவில் மிகக் கடுமையாக எதிர்த்தவரிடம்தான் அந்த நோட்டு போனது. தப்பு கண்டுபிடிக்கவே வாங்கினார். கூட்டல் பிழை இரண்டும் கண்டுபிடித்தார். மனு எழுதிய எழுத்தர் நோயில் விழுந்தபோது, ‘சம்பளம் வரவில்லை’ என்ற வரிகளுக்கு நேராகப் பென்சிலால் குறியிட்டு, இவற்றுக்கு மனு போயிற்றா என்று முதலில் கேட்டவர் அவர்தான்.